கருமந்தியும் கோலாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரங்கையும் பைப்பாலூட்டியையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் கங்காருவைத்தான் இழுத்துவந்து நிறுத்துவார்கள். ஒன்று மரமேறி, மற்றது புல்வெளியில் தாவுவது. அந்த ஒப்பீட்டில் கிடைப்பது குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்தியையும் கிழக்கு ஆஸ்திரேலியாவின் கோலாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதையே வேறு. இரண்டும் மரத்தில் வாழ்பவை, இரண்டுக்கும் இலைதான் சாப்பாடு, உடல் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே பிழைப்பை இரு வேறு வம்சங்கள் எப்படி நடத்துகின்றன என்பதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது கடினம்.

கருமந்தி என்பது எந்தக் குரங்கு?

நீலகிரி மந்தி, கருங்குரங்கு என்றும் சொல்வார்கள். பளபளக்கும் கறுப்பு உடல், தலையைச் சுற்றித் தங்கப் பழுப்பில் முடி, உடலைவிட நீண்ட வால். பெண் குரங்குக்குத் தொடையின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கும். தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் ஆண் பெண்ணைப் பிரிப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். தெற்கே அகத்தியமலைப் பகுதியிலிருந்து வடக்கே குடகு வரை, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில மலைக்காடுகளில் மட்டுமே இருக்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை.

ஊருக்குள் வந்து பையைப் பிடுங்கும் குரங்கு இதுவல்ல. அது நாட்டுக்குரங்கு. சோலைமந்தியோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சிங்கவால் குரங்கு என்று அழைக்கப்படும் சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த குட்டையான வாலும் உண்டு. கருமந்திக்கு அந்தப் பிடரி கிடையாது.

கோலா கரடியா?

இல்லை, கங்காருவைப் போல அதுவும் பைப்பாலூட்டிதான். கரடிக்கும் அதற்கும் உள்ள உறவைவிட நமக்கும் கரடிக்கும் உள்ள உறவு நெருக்கம். கோலாவின் நெருங்கிய உறவினர் வளை தோண்டி வாழும் வொம்பாட். கோலாவின் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது கோலா மட்டும்தான்.

இரண்டுக்கும் எவ்வளவு தூரத்து உறவு?

பைப்பாலூட்டிகளின் மூதாதையரும் நஞ்சுக்கொடியால் கருவை வளர்க்கும் பாலூட்டிகளின் மூதாதையரும் சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துவிட்டார்கள். டைனோசர்கள் நடமாடிய காலம் அது. மாடு, யானை, வௌவால், மனிதன் எல்லோரும் கருமந்தியின் பக்கம், கோலா மறுபக்கம். ஆகவே இந்த இரண்டுக்கும் இடையே ஏதாவது ஒற்றுமை கண்ணில் பட்டால், அது பரம்பரைச் சொத்தாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிழைப்பு தேடிக்கொடுத்ததா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அளவில் எது பெரிது?

பெரிய வேறுபாடு இல்லை. வளர்ந்த கருமந்தி பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ. கோலாவின் எடை இடத்தைப் பொறுத்தது: குளிர் மிகுந்த தெற்கே விக்டோரியாவில் ஆண் 12 கிலோவைத் தாண்டும், வெப்பமான குயின்ஸ்லாந்தில் ஏறக்குறைய அதில் பாதிதான்.

கைகளில் என்ன வேறுபாடு?

இங்கே பலருக்கும் தலைகீழான எதிர்பார்ப்பு இருக்கும். குரங்கு என்றால் நல்ல கட்டைவிரல் இருக்கும் என்று நினைப்போம். இலைதின்னிக் குரங்குகளுக்குக் கட்டைவிரல் குறுகிப் போயிருக்கிறது. மற்ற நான்கு விரல்களும் நீண்டு, கிளையிலிருந்து கிளைக்குப் பாயும்போது கொக்கிபோல் மாட்டிக்கொள்ள உதவுகின்றன. கோலாவுக்கோ முன்காலின் முதல் இரண்டு விரல்கள் மற்ற மூன்றுக்கும் எதிராக மடங்கும். ஒரு கைக்கு இரண்டு கட்டைவிரல் என்றே சொல்லலாம். கூடவே மரப்பட்டையில் இறங்கும் கூரிய நகங்கள். கருமந்திக்கு நம்மைப் போலத் தட்டை நகம்.

பின்காலில் கோலாவின் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டிப் பிறந்தவை. முடி கோத அதுவே சீப்பு. கருமந்திக்குச் சீப்பு வேண்டாம், கோதிவிடக் கூட்டத்தில் ஆள் உண்டு.

உட்காரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நாளில் பாதிக்கு மேல் கிளையில் உட்கார்ந்தே கழிப்பவர்கள் இருவரும். கருமந்தியின் பின்புறத்தில் காய்ப்புக் காய்த்த தடித்த தோல் இருக்கிறது. கோலாவுக்கு அந்த வேலையை அடர்ந்த முடியும், முதுகெலும்பின் கடைசியில் உள்ள குருத்தெலும்பும் செய்கின்றன. வால்? கோலாவுக்குப் பெயருக்குத்தான்.

கோலாவுக்குக் கைரேகை உண்டாமே?

உண்டு. 1990களில் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் மாசிய் ஹென்னெபெர்க் குழுவினர் இதை விவரித்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால்கூட மனித ரேகையிலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. கருமந்திக்கு ரேகை இருப்பது வியப்பல்ல, குரங்குகளுக்கெல்லாம் உண்டு. 16 கோடி ஆண்டு தள்ளி நிற்கும் ஒரு விலங்கு தனியாக அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்ததுதான் விஷயம். கோலாவின் நெருங்கிய உறவினரான வொம்பாட்டுக்கு ரேகை இல்லை. எனவே கிளையைப் பற்றுவதும், இலையைத் தொட்டுப் பார்த்துப் பறிப்பதும்தான் காரணம் என்று கருதுகிறார்கள்.

குற்றம் நடந்த இடத்தில் கோலாவின் ரேகை காவல்துறையைக் குழப்பியதாக ஒரு கதை சுற்றுகிறது. குழப்பக்கூடும் என்பது வரை சரி. குழப்பிய வழக்கைத் தேடிப் போக வேண்டாம்.

இலைதானே, சுற்றிலும் இருக்கிறது. அதைத் தின்று வாழ்வதில் என்ன சிரமம்?

காடு முழுக்க இலை இருக்கிறது. அவ்வளவும் சாப்பாடு அல்ல. இலையின் கட்டுமானம் செல்லுலோஸ். அதை உடைக்கும் நொதி கருமந்தியிடமும் இல்லை, கோலாவிடமும் இல்லை. நுண்ணுயிர்களைக் குடலில் வைத்து வளர்த்தால்தான் அது செரிக்கும். புரதம் குறைவு, நார் அதிகம். ஓட முடியாத மரம் தன்னைக் காத்துக்கொள்ள டானின், ஃபீனால், டெர்பீன், ஆல்கலாய்டு என்று இலையில் வேதிப்பொருள்களை வேறு நிரப்பி வைத்திருக்கிறது.

கருமந்தி இதைத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்கிறது. தளிர் வந்தால் தளிர், இல்லையென்றால் சில மரங்களின் முற்றிய இலை, நடுநடுவே விதை, காய், பூ, மொட்டு. களக்காடு முண்டந்துறையின் காக்காச்சியில் ஜான் ஓட்ஸ் குழுவினர் செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தேர்வுக்கும் இலையின் வேதியியலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. சுற்றிலும் மிகுதியாக நிற்கும் மரங்களின் முற்றிய இலைகளைக் குரங்குகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

கோலா எதிர்த்திசையில் போயிருக்கிறது. யாரும் தொடத் தயங்கும் ஒரே வகை மரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் விஷத்தைத் தாங்கும் உடலை உருவாக்கிக்கொண்டது. யூகலிப்டஸ் இனங்கள் 700க்கு மேல். அவற்றில் சில டஜன் இனங்களைத்தான் கோலா தின்னும். ஒரு பகுதியில் வாழும் கோலாக்கள் விரும்புவது அதிலும் ஒருசிலவற்றை மட்டும்.

இரண்டின் வயிறும் ஒன்றா?

என்னைக் கேட்டால், இந்த ஒப்பீட்டின் மையமே இந்தக் கேள்விதான்.

கருமந்திக்கு நொதித்தல், அதாவது நுண்ணுயிர்கள் இலையை உடைக்கும் வேலை, முன்னால் நடக்கிறது. அறை அறையாகப் பிரிந்த பெரிய இரைப்பையில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தின்ற இலை முதலில் அவற்றின் கைக்குப் போகிறது. அவை நாரை உடைக்கின்றன, சில நஞ்சுகளையும் முறிக்கின்றன; அப்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் குரங்குக்கு எரிபொருள். பிறகு அந்தப் பாக்டீரியாக்களே அடுத்த அறைக்குள் தள்ளப்பட்டு, செரிக்கப்பட்டு, புரதமாகின்றன. வளர்த்துச் சாப்பிடுகிறது என்று சொன்னால் தவறில்லை. இதே ஏற்பாடுதான் மாட்டுக்கும். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி பொதுவாகக் கண்ணீரிலும் எச்சிலிலும் இருப்பது. மாட்டிலும் மந்திகளிலும் அது அமிலம் நிறைந்த இரைப்பையில் வேலை செய்யும்படி மாறியிருக்கிறது. கருமந்தியின் பேரினத்தைச் சேர்ந்த சாம்பல் மந்தியின் லைசோசைமை 1987இல் ஆராய்ந்தவர்கள், மாட்டில் நடந்த அதே மாற்றங்கள் சில அதிலும் தனியாக நடந்திருப்பதைக் கண்டார்கள்.

கோலாவுக்கு நொதித்தல் பின்னால். இரைப்பையும் சிறுகுடலும் எடுக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் சீக்கம் என்ற பைக்குப் போகிறது. நமக்குச் சில அங்குலமே இருக்கும் அந்த உறுப்பு கோலாவில் சுமார் 2 மீட்டர் நீளம். நைசாக அரைபட்ட துகள்கள் அங்கே நாள்கணக்கில் தங்கும். கரடுமுரடான நார் சீக்கிரம் வெளியே தள்ளப்படும். பின்னால் வளரும் பாக்டீரியாக்களைச் செரிக்க அதற்கப்பால் சிறுகுடல் இல்லை என்பதால் அந்தப் புரதத்தில் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும்.

அவ்வளவு பெரிய சீக்கம் இருந்தும் கோலாவுக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் நொதித்தலின் பங்கு சிறிதுதான். உண்மையான உழைப்பு பற்களுடையது. இலையை மென்று செல்களைக் கிழித்து உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்தெடுப்பதில்தான் அதன் பிழைப்பு ஓடுகிறது. பல் தேய்ந்த கிழட்டுக் கோலா, மரம் நிறைய இலை இருந்தும் மெலிந்து சாவது இதனால்தான்.

எந்த வயிறு மேலானது?

மோசமான தரத்திலுள்ள பலவகை இலைகளைக் கலந்து தின்பதற்கு முன்வயிறு நல்லது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அடுத்த கேள்வியில் வருகிறது.

கருமந்திக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?

கூடாது. சட்டப்படியும் கூடாது, அதன் வயிற்றுக்கும் கூடாது. சர்க்கரை நிறைந்த பழுத்த பழம் நொதிக்கும் அறைக்குள் மொத்தமாகப் போனால் வேகமாகப் புளித்து அமிலம் கூடிவிடும். நார் உடைக்கும் பாக்டீரியாக்கள் அமிலத்தில் தாங்காது. ஒரே நேரத்தில் நிறைய தானியம் தின்ற மாட்டுக்கு வயிறு உப்புவதும் இதே காரணத்தால்தான். காட்டில் கருமந்தி காயையும் விதையையும் தேடுவதற்கும், இனிப்பான சதைப்பழத்தைக் குறைவாகத் தின்பதற்கும் இதுவே விளக்கம்.

யூகலிப்டஸ் விஷம் கோலாவைக் கொல்லாதது எப்படி?

கல்லீரல். நஞ்சை உடைக்கும் நொதிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பம் ஒன்று கோலாவில் பெருகிக் கிடக்கிறது. 2018இல் வெளியான கோலாவின் முழு மரபணு வரிசையில் அந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 31 மரபணுக்கள் எண்ணப்பட்டன. கசப்பை உணரும் மரபணுக்களும் மிகுதி. மூக்கும் கூர்மை, இலையை முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்காது. தாங்கும் சக்தியும் வேண்டும், தவிர்க்கும் புத்தியும் வேண்டும். இரண்டையும் வைத்திருக்கிறது.

இதில் ஒரு பக்கவிளைவு: நோயுற்ற கோலாவுக்குக் கொடுக்கும் மருந்தையும் அதே கல்லீரல் நஞ்சாகக் கருதி வேகமாக உடைத்துவிடுகிறது. மருத்துவர்களுக்கு அது தீராத தலைவலி.

கோலா போதையில்தான் தூங்குகிறதா?

இல்லை. இலையில் போதை எதுவும் இல்லை. வரவு குறைவு, அதனால் செலவையும் குறைத்து வாழ்கிறது. நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கமும் ஓய்வுமாகப் போகும். கருமந்தியும் வெயில் ஏறியதும் கிளையில் சாய்ந்து நெடுநேரம் சும்மா இருக்கும். சோம்பலில் கோலாவை எட்ட முடியாது.

கடும் வெயிலில் கோலா மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடப்பது பாசத்தால் அல்ல. அடிமரம் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். வயிற்றை அதில் அழுத்தி உடற்சூட்டைக் கடத்துகிறது. 2014இல் வெளியான ஆய்வு வெப்பப் படக்கருவியால் இதைக் காட்டியது.

கோலா தண்ணீரே குடிக்காது என்பது?

பழைய நம்பிக்கை. மழையில் மரப்பட்டை வழியே வழியும் நீரை நக்கிக் குடிப்பது 2020இல் ஆவணப்படுத்தப்பட்டது. வறட்சியில் நீர்த்தொட்டிக்கும் இறங்கி வரும்.

கோலா உலகின் முட்டாள் விலங்கு என்கிறார்களே?

மூளை சிறிது, உண்மை. 20 கிராமுக்கும் குறைவு, மேற்பரப்பும் மடிப்பின்றி வழவழப்பானது. அதே எடையுள்ள கருமந்தியின் மூளை பல மடங்கு பெரியது, மடிப்புகளும் உண்டு. தட்டில் பறித்து வைத்த இலையைக் கோலா உணவென்று அறியாது என்ற செய்தியை இதற்குச் சான்றாகப் பரப்புகிறார்கள். கிளையிலிருந்து பிரிந்து வாடும் இலையை ஒதுக்குவது, நஞ்சோடு வாழும் விலங்குக்கு நியாயமான எச்சரிக்கை. காப்பகங்களில் இலைக்கொத்தைக் கிளையோடு வெட்டி நீருள்ள குழாயில் நட்டு வைப்பதும் அதனால்தான்.

மூளை உடலிலேயே அதிகச் செலவு வைக்கும் உறுப்புகளில் ஒன்று. கருமந்திக்கு அந்தச் செலவு கட்டுபடியாகிறது: யார் தலைவன், யார் யாருடன் சேர்ந்தவர், எந்த மரம் எப்போது துளிர்க்கும் என்று நினைவு வைக்க வேண்டியது ஏராளம். தனியாக, நான்கைந்து மர வகைகளோடு வாழும் கோலா அதை வைத்து என்ன செய்யும்? முட்டாள் என்ற பட்டம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

குட்டி பெறுவதில் என்ன வேறுபாடு?

வம்சத்தின் வேறுபாடு முழுதாக வெளிப்படுவது இங்கேதான். கருமந்தி ஆறு மாதத்துக்கு மேல் கருவைச் சுமக்கிறது. பிறக்கும் குட்டிக்குக் கண் திறந்திருக்கும், தாயின் வயிற்று முடியைப் பற்றித் தொங்கும் வலுவும் இருக்கும். குட்டியின் நிறம் கறுப்பு அல்ல. செம்பழுப்பு முடியும் வெளிர்சிவப்புத் தோலுமாகப் பிறந்து சில மாதங்களில் கறுக்கும். அந்த நிறம் கூட்டத்துப் பெண்களையெல்லாம் இழுக்கிறது. 1960களில் நீலகிரியில் இவற்றை ஆராய்ந்த ஃபிராங்க் பாய்ரியர், பிறந்த குட்டியைப் பெண் குரங்குகள் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். தாய்க்கு அந்த நேரத்தில் நிம்மதியாகத் தின்ன முடிகிறது.

கோலாவின் கர்ப்பம் 35 நாள்தான். பிறப்பது அவரை விதை அளவு, எடை ஒரு கிராம்கூட இல்லை. கண் இல்லை, காது இல்லை, பின்கால் வெறும் மொட்டு. முன்கால்கள் மட்டும் தயார். அவற்றால் முடியைப் பற்றி ஊர்ந்து பைக்குள் போய்க் காம்பைக் கவ்வுகிறது. ஆறு மாதம் பைக்குள்ளேயே வளர்ச்சி. கருமந்தி கருப்பையில் செய்வதைக் கோலா பாலால் செய்கிறது. பாலின் கலவையும் குட்டியின் வயதுக்கேற்ப மாறிக்கொண்டே வரும். பிறகு முதுகில் ஏறி, ஒரு வயதுவரை தாயோடு. கைமாற்றி வைத்துக்கொள்ள அத்தையோ சித்தியோ கிடையாது.

கோலாக் குட்டி தாயின் மலத்தைத் தின்னுமா?

ஆம், ஆனால் சாதாரண மலம் அல்ல. பையிலிருந்து தலை நீட்டும் பருவத்தில் தாய் சீக்கத்திலிருந்து மென்மையான, கூழ் போன்ற ஒன்றை வெளியேற்றும். யூகலிப்டஸின் டானினைச் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் குட்டியின் குடலுக்குக் குடிபெயர்வது அதன் வழியாகத்தான். அது இல்லாமல் இலைச் சாப்பாட்டுக்கு மாற முடியாது. முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

எது அதிகம் கத்தும்?

போட்டி கடுமை. விடியற்காலையில் ஆண் கருமந்தியின் "ஹூ... ஹூ..." பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். கூடவே கிளைகளில் தடதடவென்று பாய்ந்து ஆட்டம் காட்டும். பக்கத்துக் கூட்டத்துக்கு விடுக்கும் எல்லை அறிவிப்பு அது. பெரும்பாலும் ஒரு வளர்ந்த ஆணும் சில பெண்களும் குட்டிகளுமாகக் கூட்டம் இருக்கும்.

கோலா தனி ஆள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் எழுப்பும் உறுமல், அந்த உருவத்தைப் பார்த்தவர் நம்பாத அளவு கனமானது. குரல்வளைக்கு வெளியே, மென்னண்ணத்தையொட்டி இன்னொரு ஜோடிக் குரல்மடிப்பு இருப்பதை பெஞ்சமின் சார்ல்ட்டன் குழுவினர் 2013இல் கண்டறிந்தார்கள். யானை அளவு விலங்குக்கு உரிய தாழ்ந்த சுருதி அதிலிருந்துதான் வருகிறது.

கருங்குரங்கு லேகியத்தில் உண்மை உண்டா?

துளியும் இல்லை. ஆஸ்துமாவுக்கு, பலத்துக்கு என்று சொல்லி விற்ற இந்தச் சரக்கு ஒரு காலத்தில் பல மலைச்சரிவுகளில் கருமந்தியைத் துடைத்தெடுத்தது. குரங்கு இறைச்சியில் ஆஸ்துமாவைத் தீர்க்கும் எதுவும் இல்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. வேட்டைக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

கோலாவைக் கொன்றது மருந்து ஆசை அல்ல, தோல் வணிகம். 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு வேட்டைக்கு அனுமதி கொடுத்தபோது ஒரே மாதத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. எழுந்த எதிர்ப்பில் அந்த வணிகமே முடிவுக்கு வந்தது.

இன்று எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் (IUCN) இரண்டுமே அழிவாய்ப்புள்ளவை. ஆஸ்திரேலிய அரசு 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர் பகுதி கோலாக்களை ஒரு படி மேலே, அருகிவரும் நிலைக்கு மாற்றியது. காடழிப்பு, சாலை, நாய், 2019–20 காட்டுத்தீ, மலடாக்கும் கிளமிடியா தொற்று என்று காரணங்கள் வரிசை கட்டுகின்றன. வேடிக்கை என்னவென்றால், தெற்கே விக்டோரியாவின் சில பகுதிகளில் கோலா பெருகி மரங்களையே மொட்டையடிக்கிறது; அந்தத் தீக்கு முன் கங்காரு தீவிலும் இதே கதைதான். கருமந்தியின் சிக்கல் துண்டுபட்ட காடு. தேயிலைத் தோட்டமும் அணையும் சாலையும் சோலைகளைத் தீவுகளாக்கிவிட்டன. மரவிதானம் அறுந்த இடத்தில் தரையிறங்கினால் நாயும் வாகனமும் காத்திருக்கின்றன.

நீலகிரியில்தான் தைலமரம் (யூகலிப்டஸ்) நிறைய இருக்கிறதே, கோலாவைக் கொண்டுவந்து விட்டால் என்ன?

கேள்வி விளையாட்டாகத் தோன்றினாலும் அடிக்கடி வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நட்டுப் பரப்பப்பட்ட நீலத் தைலமரத்தைக் கோலா தின்னும். விக்டோரியாவின் தோட்டங்களில் தின்றுகொண்டும் இருக்கிறது. ஆனால் சிறுத்தையும் செந்நாயும் உள்ள மலையில், மெல்ல நடந்து மரம் மாறும் விலங்கு எத்தனை நாள் தாங்கும்? தாங்கினால் இன்னும் மோசம்: அந்நியத் தைலமரத்தை அகற்றி சோலையையும் புல்வெளியையும் மீட்க முயல்பவர்கள், அதன்பின் கோலாவின் வீட்டை வெட்டுபவர்கள் ஆகிவிடுவார்கள். கருமந்திக்கும் தைலத்தோட்டம் வீடாகாது. அந்த இலையை மட்டும் நம்பி அதனால் வாழ முடியாது.

குரங்கும் பைப்பாலூட்டியும் ஒரே காட்டில் வாழும் இடம் உண்டா?

இந்தியாவில் பைப்பாலூட்டி இல்லை, ஆஸ்திரேலியாவில் காட்டுக்குரங்கு இல்லை. நடுவிலுள்ள ஆழ்கடல் இரண்டையும் நெடுங்காலம் பிரித்து வைத்தது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இரு உலகமும் உரசுகின்றன. அதன் வடமுனையில் உள்ள தங்கோகோ காட்டில் கறுப்புக் கொண்டைக் குரங்குகள் தரையில் மேய, மேலே கிளையில் கரடிக் கஸ்கஸ் என்ற பைப்பாலூட்டி மெதுவாக இலை தின்றுகொண்டிருக்கும். தென் அமெரிக்க மழைக்காடுகளிலும் ஒப்போசம் என்ற பைப்பாலூட்டிகளும் குரங்குகளும் ஒன்றாக வாழ்கின்றன. அங்கே பெரும்பாலும் பகல் குரங்குடையது, இரவு ஒப்போசத்துடையது.